இருபத்தொன்றாம் நம்பர் இரும்பு

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்து, “என்னத்துக்கு?” என்று ஒரே ஒரு சொல் கேட்பார். அந்தச் சொல்லுக்கு முதல் தடவையிலேயே ஒழுங்கான பதில் சொன்ன ஒருவரையும் நான் கொழும்பில் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே மிஸ் என்றே வைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். ஆனாலும் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றால், பேரப்பிள்ளை கண்ட முதலாளிமாருக்கும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனின் முகம் வந்துவிடும்.

மிஸ் இரும்பு விற்றார். வீடு கட்டக் கம்பியாகப் போகும் இரும்பு அல்ல, கருவி செய்கிற உருக்கு. அதிலும் அவருடைய சீவன் முழுக்கச் சூட்டு வேலை உருக்கில்தான் இருந்தது. உருகிய அலுமினியமும் காய்ச்சிச் சிவந்த பித்தளையும் நாள் முழுக்க வந்து மோதினாலும் இளகாமல், வெடிக்காமல் நிற்க வேண்டிய சாதி அது. பொறியியல் படித்து, உலோகங்களைப் பற்றி மேலும் படித்து, பத்து நாட்டுக் கட்டுரைகளை வாசித்து, கடைசியில் கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகள் புகை கக்கும் ஒரு தெருவில், இறக்குமதிக் கடை ஒன்றின் விற்பனைப் பகுதியில் வந்து உட்கார்ந்தார். விற்றார் என்று நான் சொன்னது ஒரு மரியாதைக்கு. விற்காமல் அனுப்புவதில்தான் அவர் கெட்டிக்காரி.

யாராவது வந்து “நல்ல இரும்பு வேணும்” என்றால் போதும். பேனையை வைத்துவிட்டு “என்னத்துக்கு?” என்பார். டை செய்ய என்றால், என்ன டை என்பார். டை என்பது அச்சு. உருகிய உலோகத்தை அதற்குள் விட்டால் வேண்டிய உருவத்தில் வெளியே வரும். பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். என்ன உலோகம், எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாக வந்து மோதும், உள்ளே தண்ணீர் ஓடுமா, மூலைகள் கூரா, உருண்டையா? பாதிப் பேர் மூலைக்கு வரும்போதே கைபேசி அடித்ததாகப் பாவனை செய்துகொண்டு வெளியே போய்விடுவார்கள். மெனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மெனேஜருக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கட்டை கிடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கடை வாசலில் கிடந்தது. சின்ன மேசை அளவில் ஒரு உருக்குக் கட்டை. நாலு பேர் சேர்ந்து முக்கினாலும் இருந்த இடத்தை விட்டு அரக்க முடியாது. எச் இருபத்தொன்று என்று அதன் சாதி நம்பர் நெற்றியில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருந்தது. பெரிய பித்தளைத் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது என்று ஏதோ விருந்தில் யாரோ சொன்னதை நம்பி, மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மெனேஜர் வெளிநாட்டிலிருந்து இறக்கிய கட்டை அது. தொழிற்சாலை வரவில்லை, இரும்பு வந்துவிட்டது. விலை கூடிய சாமான் என்பதால் முதலாளி மெனேஜரை அதட்டி உறுக்கினார், மெனேஜர் மிஸ்ஸை உறுக்கினார். வருட முடிவுக்குள் அந்தக் கட்டை வாசலை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் மிஸ் போக வேண்டும் என்று, பின்னால் இரும்பு அறுக்கும் வாள் மெசின் அண்ணைக்கும் கேட்கக்கூடியதாகச் சொல்லிவிட்டார்.

மிஸ்ஸுக்கு அந்த வேலை வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகை வீடு. உடன் இருந்தவர் கண்பார்வை மங்கிய அக்கா ஒருவர். பிள்ளைகள் இல்லை. கணவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே தங்கிக் குளிர்ந்துவிட்டார். அவரைப் பற்றி மிஸ் ஒரேயொரு தடவைதான் கதைத்தார். ஆள் நல்லவர்தான், ஆனால் வீட்டுச் சூட்டுக்கு ஏற்ற சாதி இல்லை, வெளியில் வைத்துப் பாவிக்க வேண்டியவர் என்றார். அதைச் சொன்ன நேரம் அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கோபமோ கவலையோ ஒன்றும் தெரியவில்லை.

நான் முதல் முதல் அங்கே போனது ஒரு பிணத்தோடு. வெடித்துப் போன டை. கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மின்விசிறி மோட்டருக்கு அலுமினிய மூடி வார்க்கிறோம். முதல் டையை மருதானையில் வாங்கிய உருக்கில் செய்வித்தேன். இருப்பதிலேயே கடுமையானதைத் தாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன், தந்தார்கள். ஒரு கிழமையில் நடுவால் பிளந்தது. அதை முச்சக்கர வண்டியில் ஏற்றி, வண்டிக்காரர் தன் வண்டியின் அச்சு முறியப்போகிறது என்று புலம்பப் புலம்பக் கொண்டுபோய் மிஸ்ஸுக்கு முன்னால் வைத்தேன்.

அவர் கைப்பையைத் திறந்தார். சீப்பு, குடை, பனடோல் மாத்திரை, ஒரு அரம். அரத்தை எடுத்து டையின் ஒரு மூலையில் இழுத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. உலோகம் வந்து மோதிய இடத்தில் இழுத்தார். அங்கே கடித்தது.

“இது குளிரிலை வீரம் காட்டுற இரும்பு. தகடு வெட்டக் குடுத்திருந்தால் வருசக் கணக்கா வெட்டியிருக்கும். நீங்கள் கொண்டுபோய் நெருப்புக்கை விட்டிருக்கிறியள். சூடு பட்ட இடம் இளகிப்போச்சு, படாத இடம் வெடிச்சுப்போச்சு. அது பாவம் என்ன செய்யும்?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சரி, இதைவிடக் கடுமையானது எது என்று கேட்டேன். மிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடுமை கூடினால் முறிகிற குணமும் கூடும் என்றார். முறியாமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மெதுமை வேண்டும், சூட்டிலே நிற்க வேண்டும், சட்டென்று குளிர்ந்தாலும் தாங்க வேண்டும், எல்லாவற்றையும் உச்சத்தில் தருகிற இரும்பை இன்னும் யாரும் உருக்கவில்லை, உருக்கினால் முதலில் தனக்கு அறிவிக்கும்படி சொன்னார். பிறகு கேள்விகளைத் தொடங்கினார். தண்ணீர், மூலை, வேகம் எல்லாம் முடிந்து, மெசினில் நிற்கிறவர் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது டை என்ன செய்யும் என்று கேட்டார்.

டை என்ன செய்யும், சும்மா இருக்கும் என்றேன்.

சும்மா இருந்தால் ஆறும். ஆறிய டைக்குள் அவர் திரும்பி வந்து உருகிய அலுமினியத்தைப் பாய்ச்சுவார். குளிர்காய்ச்சல்காரனைக் கொதி தண்ணீரில் தள்ளியதற்குச் சமம், தேத்தண்ணி நேரத்தில்தான் டைகள் சாகின்றன என்றார். அன்று எனக்கு எதையும் விற்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு, எல்லாக் கேள்விக்கும் பதிலோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டார். பிளந்த டையைத் திரும்பவும் ஏற்ற முச்சக்கர வண்டி ஒன்றும் நிற்கவில்லை. நான் மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே தெருவில் நின்றேன்.

என்னுடைய மெசினில் நின்றவர் ஹட்டன் பக்கத்துக்காரர். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று தேத்தண்ணிக்கு இறங்கிப் போய், சந்திக் கடையில் இலங்கை அரசியலை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் திரும்புவார். நான் மிஸ் சொன்னதைச் சொன்னபோது அவர் மிகவும் நிதானமாக, “டீ குடிக்காம வேல செய்ய ஏலாதுங்க மொதலாளி, டை வெடிச்சா வேற வாங்கலாம், நான் வெடிச்சா என்னா செய்வீங்க?” என்று கேட்டார். இதை அப்படியே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிசயமாகச் சிரித்தார். ஆள் சொல்வது சரி, தேத்தண்ணியை மெசினடிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். வருகிற வாடிக்கையாளரைப் பாடாய்ப் படுத்தும் அந்த மனுசி, மெசினில் நிற்கிறவரின் பக்கம் ஒரு தடவையும் சாயாமல் விட்டதில்லை. ஹட்டன்காரர் அதற்குப் பிறகு அவருடைய பெயரைச் சொல்லித்தான் தேத்தண்ணிக்குச் சீனி கூடக் கேட்டார்.

கடைக்கு வெளியிலும் மிஸ் அப்படித்தான். பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண மண்டபத்தில், மிஸ்ஸின் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு ஒரு இடம் வந்திருப்பதாக ஒரு அம்மா காதோடு சொன்னார். நல்ல பெடியன் என்றார். மிஸ் வடையைக் கடித்தபடி “என்னத்துக்கு?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. எதற்கு நல்லவர், உழைக்கவா, சமைக்கவா, வருத்தம் வந்தால் பக்கத்தில் இருக்கவா, அல்லது படம் எடுத்து முகநூலில் போடவா என்று மிஸ் விளக்கமாகக் கேட்டார். கலியாணம் குழம்பியது. தங்கை இரண்டு தீபாவளிக்குக் கதைக்கவில்லை. மூன்றாவது தீபாவளிக்கு அந்தப் பெடியன் வேறு ஒரு வீட்டில் செய்த திருவிளையாடல் வெளியே வர, பலகாரத்தோடு வந்து கதைத்தாள். எனக்குப் பெடியனைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேள்விதான் கேட்டேன் என்று மிஸ் உண்மையைச் சொல்லிவிட்டார். பலகாரம் மட்டும் மிஞ்சியது.

வைத்தியர்களுக்கும் விடுதலை இல்லை. நல்ல மருந்து என்று எழுதிக் கொடுத்தால் என்னத்துக்கு நல்லது, எதற்குக் கூடாது, எதை விட்டுக்கொடுத்து எதைத் தருகிறது என்று கேட்பார். வெள்ளவத்தையில் அவரைக் கண்டால் நேரம் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்திய வைத்தியர் ஒருவர் உண்டு. என் கண்ணால் கண்டேன், நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் நின்றேன். கோயிலில் ஐயர், எல்லாம் நல்லதே நடக்கும் அம்மா என்று திருநீறு கொடுத்த நேரம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாய் துடித்தது எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்து இந்த மனுசிக்கு எதிலும் திருப்தி கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. பொய். திருப்தி வந்தால் அவர் குழந்தை. வாடிக்கையாளர் ஒருவர் தேய்ந்துபோன டையைக் கொண்டுவந்து காட்டினார். முகம் முழுக்க வலை பின்னிய மாதிரி நுண்ணிய வெடிப்புகள், குதிக்கால் வெடிப்பு எப்படியிருக்கும், அப்படி. அந்த மனுசன் பயந்துபோய் நின்றார். மிஸ் அதைத் தடவிப் பார்த்து, இது நோய் வருத்தம் இல்லை, வயது, ஒழுங்காக வைத்திருந்து ஒழுங்காக உழைப்பித்திருக்கிறீர்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுக்க எல்லாரோடும் சிரித்துக் கதைத்தார்.

சரி, அந்தக் கட்டைக்கு வருகிறேன். அதை விற்க மிஸ்ஸுக்கு வழி இல்லாமல் இல்லை. வழி கூடிப்போனதுதான் தொல்லை. அலுமினிய வேலைக்கு அவர் கொடுப்பது எச் பதின்மூன்று. வருகிறவர்களுக்கு அந்த நம்பரே பிடிக்காது. கொட்டாஞ்சேனையில் பதின்மூன்று என்றால் வேதக்காரருக்கு ஆகாது, வெள்ளவத்தையில் எண் சாத்திரம் பார்க்கும் சைவக்காரருக்கும் ஆகாது. இரண்டு சமயமும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். வாசலில் இருபத்தொன்று கிடக்கிறது, விலையும் கூட, நம்பரும் பெரிது, அப்படியானால் அதுதான் திறம் என்று ஆளுக்கு ஆள் அதைத்தான் கேட்பார்கள். மிஸ் “என்னத்துக்கு?” என்று கேட்டு, பதிலைக் கேட்டு, இல்லை என்று சொல்லிவிடுவார். தன் வேலையைக் காப்பாற்றக்கூடிய காசை இப்படிக் கையால் தள்ளிவிட்டு, மத்தியானம் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்.

இந்த நிலைமையில்தான் என் மாமி உள்ளே வந்தார். மனைவியின் அம்மா. புது டைக்கான காசு அவருடையது. காசு தருகிறவர் என்பதால் இரும்பைத் தானே வந்து பார்க்க வேண்டும் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார். மாமி எண் சாத்திரத்தில் ஊறிய ஆள். எழுத்தை விட்டுவிடுவார், இலக்கத்தை மட்டும் கூட்டுவார். நாலு ராகுவுக்குரியது என்று எங்களை நாலாம் மாடி வீட்டை விட்டு ஐந்தாம் மாடி வீட்டை வாங்க வைத்தவர். லிஃப்ட் பழுதாகிற நாளெல்லாம் நான் ராகுவை நினைத்துக்கொண்டுதான் படி ஏறுவேன்.

மிஸ் எச் பதின்மூன்று என்று சொன்னதும் மாமி விரலை மடித்தார். ஒன்றும் மூன்றும் நாலு.

“நாலு ராகு எல்லோ பிள்ளை. நெருப்பு வேலைக்கு ராகுவைக் கூப்பிடுவினமோ?”

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மெனேஜர் வாசனைத் திரவியம் முன்னே வர, தான் பின்னே வந்தார். எங்களிடம் இருபத்தொன்றும் இருக்கிறது ஆன்ட்டி என்றார். இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்று குரு. மாமியின் முகத்தில் வெளிச்சம் போட்டது. மெனேஜர் மாமிக்குச் சோடா எடுப்பித்தார், விலையில் கழிவு தருவதாகச் சொன்னார், தானே குனிந்து கட்டையில் இருந்த தூசியைத் தட்டினார். வாள் மெசின் அண்ணை மெசினை நிற்பாட்டிவிட்டு வந்து நின்றார். கட்டை போனால் மிஸ் இருப்பார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது போய்விட்டால் நல்லது என்றுதான் இருந்தது. டையைப் பற்றி நான் அந்த நிமிடம் யோசிக்கவேயில்லை.

மிஸ் மாமியைப் பார்த்து, “என்னத்துக்கு அம்மா?” என்றார்.

மருமகனுக்கு டை செய்ய என்றார் மாமி. அதற்குள்ளால் தண்ணீர் ஓடுமோ என்றார் மிஸ். மாமி என்னைப் பார்த்தார். ஓடும் என்றேன். வேறு என்ன சொல்ல? டை சூடேறிப் போகாமல் உள்ளே துளையிட்டுத் தண்ணீர் விடுகிறோம் என்பது மிஸ்ஸுக்கு ஏற்கெனவே தெரியும்.

“அப்ப தரமாட்டன்.”

இது சூட்டைத் தாங்காது என்று சொல்கிறீர்களா என்று மெனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மிஸ் பொய் சொல்லவில்லை.

“தாங்கும். சூட்டை மட்டும் எண்டால் பதின்மூண்டை விட இது திறம். பித்தளைக்குக் குடுங்கோ, தண்ணி காட்டாமல், பதமாச் சூடாக்கிப் பாவிச்சால் இதை விட்டால் ஆள் இல்லை. இந்தத் தம்பியின்ரை வேலையிலை ஒரு பக்கம் நெருப்பு, மற்றப் பக்கம் தண்ணி. இது அதைத் தாங்காது. வெடிக்கும்.”

மாமிக்கு வெடிக்கும் என்ற சொல் பிடிக்கவில்லை. ஆனால் ராகுவும் பிடிக்கவில்லை. இரண்டும் வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று கைப்பையை எடுத்துவிட்டார். இப்போது மிஸ்ஸின் வேலையோடு சேர்த்து என் டையும் தெருவுக்கு வந்துவிட்டது. மிஸ் மேசை லாச்சியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றை எடுத்து மாமிக்கு முன்னால் விரித்தார். பதின்மூன்று என்பது அமெரிக்கர் வைத்த நம்பர், இதே இரும்புக்கு ஜேர்மன்காரர் வைத்த நம்பர் இது என்று விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, நாலு.

மாமி திரும்பவும் உட்கார்ந்தார். விரல்கள் மடிந்தன. பதினாலு. ஒன்றும் நாலும் ஐந்து. ஐந்து புதன். புதன் என்றால் வியாபாரம்.

“ரெண்டும் ஒரே இரும்புதானே பிள்ளை?”

“ஒரே இரும்புதான். அதை மட்டும்தான் நான் சொல்லுவன். புதன் உங்கடை பொறுப்பு.”

மாமி உற்சாகத்தில் யப்பான்காரர் என்ன நம்பர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அறுபத்தொன்று. கூட்டினால் ஏழு, கேது. யப்பான்காரருக்கு விவஸ்தை இல்லை என்று சொல்லிவிட்டு, ஜேர்மன் நம்பரைப் பற்றுச்சீட்டில் எழுத வைத்துக் காசைக் கட்டினார். மெனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சோடாவுக்குக் காசு யார் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மெனேஜர் வருட முடிவு வரை காத்திருக்கவில்லை. கையில் வந்த வாடிக்கையாளரைத் தடுத்து, விலை குறைந்த சரக்கை விற்றார் என்று முதலாளியிடம் சொன்னார். அது பொய்யில்லை, அப்படியேதான் நடந்தது. அந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

கேள்விப்பட்டு ஓடிப் போனேன். கட்டையை நானே வாங்கிக்கொள்கிறேன், டைக்கு அல்ல, பட்டறை மூலையில் சும்மா கிடக்கட்டும், நீங்கள் வேலையில் இருங்கள் என்றேன். நெஞ்சார்ந்துதான் சொன்னேன். மிஸ் என்னை அடிக்கக் கை ஓங்காத குறை.

“கொண்டுபோய் மூலையிலை வைக்கிறதுக்கு அதென்ன சீதனப் பெட்டகமோ தம்பி? வேலை செய்யப் பிறந்த சாமான். உங்கடை மூலையிலை கிடந்து துருவேறிக் கறள் பிடிக்கவோ?”

கைப்பைக்குள் அரத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மெனேஜரிலும் கோபம், அவரிலும் கோபம். ஒரு ஆளுக்கு உதவி செய்யப் போனால் கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டாமா?

பிறகு வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூசன் கொடுத்தார். பிள்ளைக்கு நல்ல மார்க்ஸ் வேண்டும் என்று வந்த பெற்றோரிடம் அவர் என்ன கேட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதலில் நிறையப் பிள்ளைகள் வந்தன, பிறகு குறைந்தன. வீட்டை மாற்றித் தெஹிவளையில் சின்னதாக ஒன்று எடுத்தார்கள். அக்காவின் கண்ணுக்குச் செய்ய இருந்த சத்திரசிகிச்சை தள்ளிப்போனது என்று என் மனைவி சந்தையில் கேட்டு வந்து சொன்னாள். என்னுடைய டை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூடி விழும்போதும் எனக்கு அந்த மனுசியின் நினைவு வரும், கூடவே எரிச்சலும் வரும்.

ஒருநாள் வேறு அலுவலாகக் கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போனேன். வாசலில் கால் தட்டவில்லை. கட்டை இல்லை. மெனேஜர் வெளியே வந்து, எப்படித் தள்ளினேன் பார்த்தீர்களா என்று மார்தட்டினார். பித்தளையில் வால்வு அடிக்கிற ஒருவர் களனிப் பக்கமிருந்து வந்து சொன்ன விலைக்கு வாங்கிப் போனாராம். முதலாளி மெனேஜரைக் கூப்பிட்டுப் பாராட்டினாராம்.

அவர் உள்ளே போனதும் வாள் மெசின் அண்ணை கிட்ட வந்தார். அந்த வால்வுக்காரரைக் கண்டுபிடித்து அனுப்பியது மிஸ் என்றார். வேலை போன பிறகும் பித்தளை அடிக்கிற பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து விசாரித்து, ரியூசன் இல்லாத நாட்களில் பஸ் ஏறி இரத்மலானை, ஹோமாகம என்று அலைந்திருக்கிறார். கடைசியில் களனியில் ஒருவரைப் பிடித்து, சூடு, வேகம், மூலை எல்லாம் கேட்டு, தண்ணீர் பாவிப்பதில்லை என்று கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகுதான் கடையின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். மெனேஜருக்கு அது தெரியும். மிஸ்ஸுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

எனக்குத் தலை கொதித்தது. அடுத்த சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில், மீன் கடைக்கு முன்னால் மிஸ்ஸைக் கண்டேன். சுகம் விசாரிக்கவும் இல்லை. உங்களைத் துரத்திய ஆளுக்குப் பேர் வாங்கிக் கொடுக்க உங்களுக்கு என்ன விசரா, பைத்தியமா, அந்தப் பஸ் காசுக்கு அக்காவின் கண்ணைப் பார்த்திருக்கலாமே என்று சத்தம் போட்டுவிட்டேன். மிஸ் சூரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“மெனேஜரோடை எனக்குக் கோபம்தான். அது வேறை கதை. அந்த இரும்பு என்ன பிழை செய்தது தம்பி? நல்ல உருக்கு. ஆரோ ஒரு விசரன் பிழையான இடத்துக்குக் கொண்டுவந்து போட்டான். எல்லாரும் அதிலை செருப்புத் துடைச்சினம். பித்தளைக்கு அதை மாதிரி ஒண்டு இல்லை எண்டு இந்த ஊரிலை எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் விட்டிட்டுப் போனால் அதுக்கு ஆர் இருக்கினம்?”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. என் கண்ணும் நிறைந்துவிட்டது. மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். இந்த நோனாவுக்கு என்ன நடந்தது, வீட்டில் யாருக்கும் ஏதாவதா என்று சிங்களத்தில் என்னிடம் மெல்லக் கேட்டார். அவருக்கு நான் எந்த இரும்பைப் பற்றிச் சொல்வது? நீண்ட காலமாக வீட்டோடு இருந்த பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவந்துவிட்டது, அந்தச் சந்தோசம் என்று சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்து, நிறுத்து முடித்த மீனுக்கு மேல் ஒரு பெரிய துண்டைச் சேர்த்துச் சுற்றி மிஸ்ஸிடம் நீட்டினார். மிஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.